ஜிங்குவின் முதல் பேஸ் பக்கத்திலிருந்து ஒரு மடல்

பெறுநர்: மெய்ஜி ஜிங்கு ஆலய நிர்வாகத்தார், வெளித்தோட்ட மறுசீரமைப்புத் திட்டத்தின் பங்குதாரர்கள், டோக்கியோ பெருநகர ஆளுநர் ஆகியோருக்கு.

பெருமதிப்பிற்குரியீர்,

1903-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வாசேடா மாணவர்கள் கெயோ மாணவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். எங்கள் பேஸ்பால் கழகம் இன்னும் தேறவில்லை, ஆட்டக்காரர்கள் எல்லோரும் பக்குவம் வராதவர்கள், உங்களிடம் பாடம் கேட்டுக் கற்றுக்கொள்ள விரும்புகிறோம் என்பது அதன் சாரம். உண்மையில் அது போட்டிக்கு விடுத்த அறைகூவல். ஆனாலும் மாணாக்கன் ஆசிரியருக்கு எழுதும் பணிவோடு எழுதினார்கள். அந்த மாதம் 21-ஆம் தேதி டோக்கியோவின் மிதா பகுதியில் ஆட்டம் நடந்தது. கெயோ 11-9 என்று வென்றது. டோக்கியோவின் மிகப் பெரிய பல்கலைக்கழகப் பகையும் மிகப் பெரிய நட்பும் அன்று அந்த ஒற்றைக் கடிதத்தில் பிறந்தன.

அதே பணிவோடுதான் நானும் இதை எழுதுகிறேன். நான் தமிழ் மண்ணில் பிறந்தவன். மேற்படிப்புக்காக வாசேடா பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். படிப்பு முடிந்த பின்னும் இந்த நகரத்தை விட்டுப் போக மனம் வராமல், எங்கள் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் வாழும் நிஷிகசாய் பகுதியிலேயே தங்கிவிட்டேன். உங்கள் நிலத்தின் மீது எனக்கு எந்த உரிமையும் இல்லை. மெய்ஜி ஜிங்கு பேஸ்பால் மைதானத்தின் முதல் பேஸ் பக்கத்தில், அதாவது பந்தை அடித்தவர் முதலில் ஓடி எட்டும் மூலையின் பக்கத்தில், முன்பதிவில்லாத இருக்கையில், பல வசந்தங்களும் பல இலையுதிர் காலங்களும் உட்கார்ந்து எழுந்தவன் என்ற ஒன்றைத் தவிர. தாய்மொழியில் எழுதினால்தான் மனதில் இருப்பது முழுதாக வரும் என்பதால் தமிழில் எழுதுகிறேன். இந்த மைதானத்தின் கதை எங்கள் மக்களுக்கும் தெரிய வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

உங்கள் ஆலயத்தின் வெளித்தோட்டத்தில் இருக்கும் இந்த மைதானத்தை இடித்துவிட்டு, பக்கத்தில் ஹோட்டலோடு ஒட்டிய புதிய மைதானம் கட்டப் போகிறீர்கள். அதை இடிக்க வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வாசேடாவில் எனக்கு முதலில் அறிமுகமானது ஜிங்கு அல்ல, மத்திய நூலகம். கிரிக்கெட் தவிர வேறு ஆட்டம் அறியாத எனக்கு, அந்த நூலகத்தருகே இருக்கும் இரண்டு மார்பளவுச் சிலைகள் யாருடையவை என்று வெகுநாள் தெரியாது. ஏதோ பழைய பேராசிரியர்கள் என்று எண்ணிக் கடந்து போவேன். ஒருவர் ஆபே இசோ. கிறிஸ்தவர், ஜப்பானிய சோஷலிசத்தின் முன்னோடிகளில் ஒருவர், வாசேடா பேஸ்பால் கழகத்தை வளர்த்தெடுத்தவர். ரஷ்யாவோடு போர் நடந்துகொண்டிருந்த 1905-இல் தன் மாணவர்களைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார். அங்கே 26 ஆட்டங்கள் ஆடினார்கள். ஏழில் வெற்றி, பத்தொன்பதில் தோல்வி. தோற்ற ஆட்டங்களில் கற்றதை எல்லாம் ஊர் திரும்பி மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். ஜப்பானிய பேஸ்பாலின் இலக்கணத்தில் பாதி அந்தப் பயணத்தில் வந்தது என்றே சொல்லலாம். இன்னொருவர் வாசேடா அணியின் பழைய பயிற்சியாளர் தொபித்தா சுய்ஷு. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சிலைகள் ஏன் அங்கே இருக்கின்றன என்று கேட்டபோதுதான், அந்த நூலகம் நிற்கும் மண்தான் தொத்சுகா மைதானம் என்று தெரிந்தது. 1902-இல் உருவான மைதானம். 1933-இல் ஜப்பானின் முதல் மின்னொளி பேஸ்பால் ஆட்டம் நடந்ததும் அங்கேதான். 1987-இல் அது மூடப்பட்டது. 1991-இல் நூலகம் திறக்கப்பட்டது. நூலகம் நல்ல நூலகம், அதில் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. என் ஆய்வேட்டில் பாதியை அதற்குள்தான் எழுதினேன். ஆனால் அதைத் தெரிந்துகொண்ட நாளில், புத்தக அடுக்குகளுக்கு நடுவே நின்று முதல் பேஸ் எங்கே இருந்திருக்கும், பிட்சர், அதாவது பந்து வீசுபவர், நின்ற மேடு எங்கே இருந்திருக்கும் என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு மைதானம் போனால் எவ்வளவு முழுமையாகப் போய்விடுகிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

அங்கே நடந்த ஓர் ஆட்டத்தை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். 1943. டோக்கியோவின் ஆறு பல்கலைக்கழகங்கள் பேஸ்பால் ஆடும் லீக்கை அரசு ஏப்ரலிலேயே கலைத்துவிட்டது, எதிரி நாட்டு விளையாட்டு என்பதால். இலையுதிர் காலத்தில், மாணவர்களுக்குப் படைச் சேர்ப்பிலிருந்து இருந்த விலக்கும் நீங்கியது. போவதற்கு முன் கடைசியாக ஒரு முறை வாசேடாவோடு ஆட வேண்டும் என்று கெயோ மாணவர்கள் கேட்டார்கள். வாசேடா நிர்வாகம் தயங்கியது. தொபித்தாவும் கழகத்தாரும் பொறுப்பைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்டு அக்டோபர் 16-ஆம் தேதி தொத்சுகாவில் ஆட்டத்தை நடத்தினார்கள். கெயோ பல்கலைக்கழகத்தின் தலைவர் கொய்சுமி ஷின்சோ, தமக்கென ஒதுக்கிய சிறப்பு இருக்கையை மறுத்து மாணவர்களோடு மாணவராக உட்கார்ந்தார். வாசேடா 10-1 என்று வென்றது. யாரும் அந்த எண்ணிக்கையைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் இரு பக்கமும் எதிரணியின் பாடலையும் சேர்த்துப் பாடின. ஐந்தே நாட்களில், அக்டோபர் 21 அன்று, கொட்டும் மழையில் மாணவர்களைப் போருக்கு வழியனுப்பும் அணிவகுப்பு நடந்தது. எங்கே? உங்கள் வெளித்தோட்டத்திலிருந்த தடகள அரங்கில். அந்த பேஸ்பால் ஆட்டக்காரர்களில் சிலர் திரும்பி வரவில்லை.

அந்த ஆட்டம் நடந்த தொத்சுகாவும் இன்றில்லை, அந்த அணிவகுப்பு நடந்த அரங்கும் இன்றில்லை. அங்கே 1958-இல் எழுந்த தேசிய அரங்கத்தையும் ஒலிம்பிக்கைக் காரணம் காட்டி 2015-இல் இடித்தாயிற்று. அந்தத் தலைமுறை மாணவர்கள் ஓடி, வீசி, அடித்து, கத்திய இடங்களில், இன்றும் மாணவர்கள் அதே ஆட்டத்தை ஆடும் இடமாக மிஞ்சியிருப்பது ஜிங்கு பேஸ்பால் மைதானம். அதுவும் போய்விட்டால் அந்தக் கதையை எந்தப் படிக்கட்டில் நின்று சொல்வது?

ஜிங்கு எப்படி வந்தது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். மெய்ஜி பேரரசரின் நினைவாக மக்கள் கொடுத்த காணிக்கையாலும் நாடெங்கும் இருந்து வந்த இளைஞர் சங்கங்களின் உடலுழைப்பாலும் உருவானது வெளித்தோட்டம். அதன் ஒரு பகுதியாக 1926 அக்டோபரில் மைதானம் திறக்கப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்புதான் வாசேடா, கெயோ, மெய்ஜி, ஹோசெய், ரிக்கியோ, டோக்கியோ ஆகிய ஆறு பல்கலைக்கழகங்களும் ஒரே லீக்கில் சேர்ந்திருந்தன. 1906-இல் ரசிகர்களின் வெறி தலைக்கேறியதால் நின்றுபோன வாசேடா-கெயோ ஆட்டம் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் தொடங்கியதும் 1925-இல்தான். அந்த 1906 வெறி எப்படிப்பட்டது என்றால், முதல் ஆட்டத்தில் வென்ற கெயோ மாணவர்கள் வாசேடாவைத் தோற்றுவித்த ஒக்குமாவின் வீட்டு வாசலில் போய் வாழ்த்தொலி முழங்கினார்கள். அடுத்ததில் வென்ற வாசேடா மாணவர்கள் பதிலுக்குக் கெயோவைத் தோற்றுவித்த ஃபுகுசாவாவின் வீட்டு வாசலில் போய் முழங்கினார்கள். மூன்றாவது ஆட்டத்தை நடத்தினால் ரத்தம் சிந்தும் என்று பயந்து நிறுத்திவிட்டார்கள்.

கூட்டம் தாங்காமல் 1931-இல் மைதானத்தை விரிவாக்கியபோது அந்தச் செலவை ஆறு பல்கலைக்கழக லீக் ஏற்றது. மாணவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க மக்கள் வாங்கிய டிக்கெட் பணம் அது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சட்டப்படி மைதானம் ஆலயத்தின் சொத்து, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தச் சிமெண்டுக்குள் மாணவர்களின் பங்கும் ரசிகர்களின் பங்கும் கரைந்து கிடக்கின்றன. போருக்குப் பின் அமெரிக்கப் படை 1952 வரை மைதானத்தைக் கையில் வைத்து, வேறு பெயரும் சூட்டியிருந்தது. அப்படிப்பட்ட நேரத்திலும் 1945 நவம்பரிலேயே வாசேடா, கெயோ பழைய மாணவர்கள் இங்கே ஆடினார்கள். சாப்பாட்டுக்கே வழியில்லாத நகரம் அந்த ஆட்டத்தைப் பார்க்கத் திரண்டு வந்தது.

நான் முதன்முதலில் ஜிங்குவுக்குப் போனது ஓர் இலையுதிர் காலத்தின் கடைசி வாரத்தில். இரு பருவங்களிலும் கடைசி வாரம் வாசேடா-கெயோ ஆட்டத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. நாங்கள் அதை 'சோகெய்சென்' என்போம். கெயோக்காரர்கள் தங்கள் பெயரை முன்னால் போட்டு 'கெய்சோசென்' என்பார்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்தால் முதலில் மூக்கில் ஏறுவது சாலையோரம் வரிசையாக நிற்கும் ஜிங்கோ மரங்களின் வாடை. உதிர்ந்த பழங்கள் கால் பட்டு நசுங்கி அழுகிய வாடை, சகிக்காது. ஆனால் எனக்கு இன்று அந்த வாடை வந்தால் பேஸ்பால் நினைவுக்கு வருகிறது. பிறகு மைதானத்தின் வளைந்த வெளிச்சுவர், அதில் வரிசையாக வளைவுகள். உள்ளே இருட்டான குறுகிய நடை. அதைத் தாண்டிப் படியேறினால் சட்டென்று விரியும் வெளிச்சமும் பச்சையும்.

பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். மடியில் புள்ளிக்குறிப்பு நோட்டு. சுண்டுவிரல் நீளத்துக்குத் தேய்ந்துபோன பென்சில். ஒவ்வொரு பந்துக்கும் கட்டத்துக்குள் ஒரு சிறு குறி, ஒவ்வொரு அவுட்டுக்கும் ஒரு வட்டம், ரன் வந்தால் அந்தச் சிறு சதுரத்தை அழுத்தி நிரப்புவார். தவறாகப் போட்டால் அடித்துத் திருத்த மாட்டார், சட்டைப்பையிலிருந்து ரப்பரை எடுத்து மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, மறுபடி எழுதுவார். அயல்நாட்டுப் பையன் முழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, அந்த நோட்டைச் சற்று என் பக்கம் சாய்த்து வைத்தார். அன்று நான் பேஸ்பால் கற்றுக்கொண்டது அந்த நோட்டிலிருந்துதான். அவர் வாசேடா மாணவராக 1960 நவம்பரில் இதே முதல் பேஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு என்று தேதிகளை விரல்விட்டு எண்ணினார். பட்டத்தைத் தீர்மானிக்க வாசேடாவும் கெயோவும் ஒரே வாரத்தில் ஆறு ஆட்டங்கள் ஆடின. இரண்டு ஆட்டங்கள் இருட்டிப்போய்ச் சமனில் முடிந்தன. வாசேடாவின் ஆந்தோ மொத்தோஹிரோ ஆறில் ஐந்து ஆட்டங்களை முழுவதும் தானே வீசினார், மொத்தம் 564 பந்துகள். கடைசியில் வாசேடா வென்றது. பெரியவர் இதைச் சொல்லும்போது தன் வலது தோளைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டார், தானே வீசியதுபோல.

எங்களுக்கு ஏன் முதல் பேஸ் பக்கம் என்பதையும் அவர்தான் சொன்னார். 1933-இல் கெயோவின் மூன்றாம் பேஸ் வீரர் மிசுஹாரா ஷிகெருவின் காலடியில் வாசேடா பக்கத்திலிருந்து கடித்த ஆப்பிள் ஒன்று வந்து விழுந்தது. அவர் அதைத் திருப்பி எறிந்தார். மைதானமே ரணகளமானது. அதன்பிறகு வாசேடாவுக்கு முதல் பேஸ் பக்கம், கெயோவுக்கு மூன்றாம் பேஸ் பக்கம் என்று நிலையாகிவிட்டது. ஓர் ஆப்பிள் தீர்மானித்த இருக்கையில் இன்றுவரை தலைமுறை தலைமுறையாக உட்காருகிறோம்.

ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் நடப்பதை நான் எத்தனை முறை பார்த்தாலும் மெய்சிலிர்க்கும். கறுப்புச் சீருடை அணிந்த ஆதரவுக் குழுத் தலைவன் முன்னால் வந்து நிற்கிறான். பெருங்கொடியைத் தாங்குபவன் முதுகு வளையாமல் நிற்கிறான். நம் பாடல் முடிந்ததும், எதிர்ப்பக்கத்தின் பெயரைச் சொல்லி அவர்கள் நன்றாக ஆட வாழ்த்து முழக்கம் எழுகிறது. அப்போது எதிர்ப்பக்கம் தொப்பியைக் கழற்றி அமைதியாகக் கேட்கிறது. பிறகு அவர்கள் நமக்கு அதையே செய்கிறார்கள். நாம் தொப்பியைக் கழற்றுகிறோம். தோற்ற நாளிலும் இது தவறுவதில்லை. எங்கள் ஊரில் நான் பார்த்து வளர்ந்த கிரிக்கெட்டில், எதிரணிக்கு வாழ்த்துச் சொல்லும் முறையை இவ்வளவு ஒழுங்காக, இவ்வளவு உரக்க, ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்த்ததில்லை.

வாசேடா-கெயோ மட்டும்தான் ஜிங்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1957-இல் ரிக்கியோவின் நாகாஷிமா ஷிகெயோ, கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற ஹோம் ரன்னைத் தன் எட்டாவது முறையாக அடித்து அன்றைய சாதனையைப் படைத்தது இங்கேதான். 2025 ஜூனில் அவர் காலமானபோது அந்த எட்டாவது ஹோம் ரன்னைத்தான் முதலில் நினைத்தேன். இன்னொன்று, 2015 மே 23. டோக்கியோ பல்கலைக்கழக அணி 2010 இலையுதிர் காலத்திலிருந்து தொடர்ந்து 94 ஆட்டங்களைத் தோற்றிருந்தது. நாட்டிலேயே நுழையக் கடினமான பல்கலைக்கழகம். மற்ற ஐந்தைப் போலத் தேர்ந்த ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் வழி அவர்களுக்கு இல்லை. தேர்வில் தேறி வந்தவர்களை வைத்துத்தான் ஆட வேண்டும். அன்று ஹோசெய்யை 6-4 என்று, கூடுதலாக நடந்த பத்தாவது இன்னிங்ஸில் வென்றார்கள். நான் வேறு வேலையாகப் பக்கத்தில் வந்தவன் சும்மா உள்ளே நுழைந்தேன். எனக்கு முன் வரிசையில் இருந்த ஒருவர் கடைசி அவுட் விழுந்ததும் எழவே இல்லை, முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டார். அவர் அந்தத் தொண்ணூற்று நான்கில் எத்தனைக்கு வந்திருப்பாரோ. ஒரு கிண்ணம் ராமென் விலைக்கு டிக்கெட், எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், பகல் வெயில், தோற்கும் என்று தெரிந்தே வந்து உட்காரும் ரசிகன். அவனுக்கு இடம் இருக்கும் மைதானம் இது. பகல் முழுதும் மாணவர்களுக்கு, பிறகுதான் தொழில்முறை அணிக்கு என்பது இங்கே எழுதா விதியாகவே இருக்கிறது. 1964 முதல் இங்கே ஆடும் ஸ்வாலோஸ் அணியின் வீரர்கள், மாணவர் ஆட்டம் நீண்டுவிட்டால் காத்திருக்கிறார்கள். கோடிகள் சம்பாதிப்பவர்கள் மாணவனுக்காகக் காத்திருக்கும் மைதானம் வேறு எங்கே இருக்கிறது?

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். 2023 பிப்ரவரியில் பெருநகர அரசு ஒப்புதல் அளித்த திட்டம் இது. ரக்பி அரங்கும் பேஸ்பால் மைதானமும் இடம் மாறும், 190 மீட்டர், 185 மீட்டர் உயரக் கோபுரங்கள் எழும், புதிய மைதானம் ஹோட்டலோடு வரும். இசைக்கலைஞர் சகமோட்டோ ரியூய்ச்சி தன் வாழ்வின் கடைசி நாட்களில், 2023 மார்ச்சில், ஆளுநருக்கும் மற்றவர்களுக்கும் இதை மறுபரிசீலனை செய்யுமாறு கடிதம் எழுதினார். அதே ஆண்டு செப்டம்பரில், மரபிடங்களுக்கான பன்னாட்டு அமைப்பான ஐகோமோஸ் எச்சரிக்கை விடுத்தது. அதன்பின் நீங்கள் சிலவற்றை மாற்றினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெட்டவிருந்த 743 உயர்ந்த மரங்கள் 619 ஆயின. ஜிங்கோ வரிசைக்கும் புதிய மைதானத்துக்கும் இடையிலிருந்த 8 மீட்டர் இடைவெளி 18.3 மீட்டர் ஆனது. ஆனால் 2024 அக்டோபர் கடைசியில் மரம் வெட்டும் வேலை தொடங்கியது. 1923-இல் நட்ட அந்த 146 ஜிங்கோ மரங்கள் வெட்டப்படாது என்கிறீர்கள். அதை நம்புகிறேன். ஆனால் மரம் வேரில்தான் உயிரோடு இருக்கிறது, அந்த வேர் எதுவரை ஓடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் 18 மீட்டர் போதுமா இல்லையா என்பதைச் சொல்ல முடியும்.

மைதானத்துக்கு வயதாகிவிட்டது என்று சொல்கிறீர்கள். உண்மை. நடை குறுகியது, கழிப்பறை போதாது, படி செங்குத்து, சக்கர நாற்காலியில் வருபவருக்கு வழியும் இடமும் குறைவு. நோட்டுப் பெரியவருக்கு இப்போது எண்பத்தைந்துக்கு மேல். முழங்கால் மடங்குவதில்லை. போன முறை அவர் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றினேன், நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். புதிய மைதானத்தில் லிஃப்ட் இருக்குமாம், உங்களுக்கு வசதியாக இருக்குமே என்று கேட்டேன். "இங்கேயே ஒரு லிஃப்ட் வைத்தால் ஆகாதா?" என்றார். எனக்கும் அதுதான் கேள்வி.

ஆகும் என்பதற்குச் சான்று தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். உயர்நிலைப் பள்ளிகளின் தேசியப் போட்டி நடக்கும் கோஷியன் மைதானம் ஜிங்குவைவிட இரண்டு வயது மூத்தது, 1924-இல் திறந்தது. அதை 2007 தொடங்கி ஆட்டமில்லாத மாதங்களில் மட்டும் பகுதி பகுதியாகப் புதுப்பித்து 2010-இல் முடித்தார்கள். உயர்நிலைப் பள்ளிப் போட்டி ஒரு வசந்தமோ ஒரு கோடையோ அதனால் அங்கே நிற்கவில்லை. ஆட்டத்துக்கு இடையூறில்லாமல் கட்ட வேண்டுமானால் வேறு இடத்தில் புதிதாகத்தான் கட்ட வேண்டும் என்ற வாதம் கோஷியனில் எடுபடவில்லை. ஜிங்குவில் பகலும் இரவும் ஆட்டம் நடக்கிறது, அங்கே போல இங்கே எளிதல்ல என்று நீங்கள் சொல்லக்கூடும். சரி. அப்படியானால் அந்த ஆய்வை, கட்டுமானத்தின் வலிமைச் சோதனை முடிவுகளோடும் செலவுக் கணக்கோடும், முழுதாக மக்கள் முன் வையுங்கள். உங்களைச் சாராத பொறியாளர்கள் பார்த்து, முடியாது என்று சொல்லட்டும். அப்படிச் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஷின்டோ மதத்தின் தலையாய இசே ஆலயத்தையே இருபது ஆண்டுக்கு ஒரு முறை பக்கத்து நிலத்தில் புதிதாகக் கட்டுகிறோமே, பழையதைப் பிரித்துப் புதியதைக் கட்டுவது எங்கள் மரபுக்குப் புதிதல்லவே என்று எனக்குப் பதில் சொன்ன நண்பர்களும் உண்டு. யோசித்துப் பார்த்தேன். கடைசியாக 2013-இல் அங்கே அது நடந்தது. இசேயில் அதே அளவு, அதே மரம், அதே தச்சு முறை. கட்டடம் புதிதாகிறது, வடிவம் நூற்றாண்டுகளாக மாறுவதில்லை. அந்தப் பக்தியோடு இந்த மைதானத்தையும் நீங்கள் திரும்பக் கட்டுவதாக இருந்தால் நான் இந்த மடலை எழுதவே மாட்டேன். அதே வளைவுகள், அதே திறந்த வானம், அதே திசை, அதே முதல் பேஸ் பக்கம். இசேயில் புதிய கருவறையோடு ஹோட்டலைச் சேர்த்துக் கட்டுவதில்லையே.

பணம் பற்றிப் பேசாமல் இருந்தால் நேர்மையாக இருக்காது. போருக்குப் பின் அரசின் உதவி ஆலயங்களுக்கு இல்லை. ஆலயம் இருக்கும் உள்தோட்டத்தின் பெருங்காட்டையும் ஆலயத்தையும் காக்க வெளித்தோட்டத்தின் வருமானம் வேண்டும். இது எனக்குப் புரிகிறது. கோயில் நிலத்து வருமானத்தில் கோயில் நடப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் 1920-களில் இந்தத் தோட்டத்துக்குப் பணமும் உழைப்பும் தந்தவர்கள் பொதுமக்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மைதானத்தின் திருப்பணிக்கென்று ஓர் உண்டியல் வையுங்கள். பழைய மாணவர்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டால், ஆறு பல்கலைக்கழகங்கள், நூறு ஆண்டுகள், அது சிறிய கூட்டமல்ல. நிஷிகசாயிலிருந்து நானும் போடுகிறேன்.

உங்கள் திட்டத்திலேயே பழைய மைதானத்தின் முறை கடைசியில்தான் வருகிறது. புதிய ரக்பி அரங்கு திறந்து, பழைய ரக்பி அரங்கை இடித்து, அங்கே புதிய பேஸ்பால் மைதானம் எழுந்து, 2032 வாக்கில் அது திறந்த பிறகுதான் இதன் மீது இயந்திரம் ஏறும். ஆகவே காலம் கடந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2026 அக்டோபரில் மைதானத்துக்கு நூறு வயது நிறைகிறது. அந்த நூற்றாண்டை முன்னிட்டாவது திட்டத்தை ஒருமுறை நிறுத்திவைத்து, புதுப்பிக்கும் வழியைத் திறந்த மனதோடு ஆராயுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

அது எதுவுமே நடக்காது, இடிப்பது உறுதி என்றால், இரண்டாவதாக ஒன்று கேட்கிறேன். கேட்பதற்கே மனம் வலிக்கிறது, ஆனாலும் கேட்டாக வேண்டும். பகல் மாணவர்களுக்கு என்ற வழக்கத்தைப் புதிய மைதானத்துக்கு எழுத்தில் தாருங்கள். பெருமளவு இருக்கைகளை முன்பதிவில்லாமல், மாணவனும் ஓய்வூதியக்காரரும் வாங்கக்கூடிய விலையில் வையுங்கள். ஹோட்டல் அறைகளில் தங்குபவர்களுக்குத் தூக்கம் கெடுகிறது என்று ஒரு நாளும் மேளத்தையும் முழக்கத்தையும் குறைக்கச் சொல்லக் கூடாது. ஆதரவுக் குழுவினர் நின்று கொடி பிடிக்கும் மேடைக்கு, சிறப்பு விருந்தினர் அறைகளுக்குக் கொடுக்கும் அக்கறையில் பாதியாவது கொடுங்கள். பழைய மைதானத்தின் ஹோம் பேஸ், மற்ற மூன்று பேஸ்கள், பிட்சர் மேடு ஆகியவை இருந்த இடங்களை அங்கே வரப்போகும் வெளியின் தரையில் குறித்து வையுங்கள். என்னைப் போல் இன்னொருவன் வந்து முதல் பேஸ் எங்கே என்று தேடி அலையக் கூடாது.

ஆறு பல்கலைக்கழகங்களின் பேஸ்பால் கழகத்தாருக்கும் ஒரு வார்த்தை. மைதானம் உங்கள் பெயரில் இல்லை, ஆனால் உங்கள் குரலுக்கு அங்கே மதிப்பு உண்டு. 1943-இல் அனுமதி வரும் என்று காத்திருக்காமல் நடத்திய ஆட்டத்தை இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறீர்கள். நானும் சொல்லிக்கொள்கிறேன். அந்தத் துணிவில் கொஞ்சம் இப்போது வேண்டும்.

வரும் இலையுதிர் காலத்துக் கடைசி வாரத்தில் நானும் பெரியவரும் முதல் பேஸ் பக்கத்தில், கீழிருந்து எட்டாவது வரிசையில் இருப்போம். அதற்கு மேல் அவரால் ஏற முடியாது. அவருக்குக் கண் மங்கிவிட்டதால் இப்போது நோட்டு என் மடியில் இருக்கிறது, அவர் சொல்லச் சொல்ல நான் குறிக்கிறேன். உங்களில் யாராவது ஒருவர் அன்று ஒரு பிற்பகல் எங்களோடு வந்து உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இருக்கை பிடித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
வாசேடாவின் பழைய மாணவன் ஒருவன்,
நிஷிகசாய், டோக்கியோ